ரசீதில் உள்ளவர்

சம்பங்கி என்றால் பூ என்றுதான் நினைத்திருந்தேன்,
இந்த வீட்டுக்குக் குடிவரும் வரை.

கோ. சம்பங்கி, பி பிளாக், பதினொன்று,
சத்துவாச்சாரி வாரியக் குடியிருப்பு.
மாதம் பிறந்து ஐந்தாம் தேதிக்குள்
அந்தப் பெயரை எழுதிப் பணம் கட்ட வேண்டும்.
கவுண்டரில் இருப்பவர் நிமிர்வதில்லை.
எப்போதாவது நிமிர்ந்தால்,
"சம்பங்கி உங்களுக்கு யாரும்மா?"
"சொந்தக்காரர்" என்பேன்.
அந்தச் சொல்லுக்குத் தமிழில்
இரண்டு அர்த்தம் இருப்பது எவ்வளவு சௌகரியம்.

பத்தொன்பது வருடம்.
கட்டிய புருஷன் பெயரைக்கூட
இத்தனை முறை எழுதியதில்லை நான்.
இருநூற்று இருபத்தெட்டு ரசீதும்
பிஸ்கட் டின்னில் கிடக்கின்றன,
கரப்பான் மருந்து வாசனையோடு.

ஆடி பிறப்பதற்கு முந்தின வாரம்
மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் நோட்டீஸ் ஒட்டினார்கள்.
வாடகைக்கு இருப்பவர்களே வீட்டை வாங்கிக்கொள்ளலாம்,
மொத்தமாகவோ தவணையிலோ.
ஒதுக்கீடு பெற்றவர் நேரில் வர வேண்டும்,
அசல் ஆணையோடு.

அன்று ராத்திரி பிளாக்கே தூங்கவில்லை.
பத்தாம் நம்பர் ஷமீம்
வளையலை எடை போட்டுவிட்டு வந்து
எண்ணைச் சொல்லாமல் சிரித்தாள்.
மூன்றாம் நம்பர் வாத்தியாருக்கு
அதற்குள் பெயின்ட் கலரில் சண்டை.
என் வீட்டுக்காரர் ஷேர் ஆட்டோ சாவியைச் சுழற்றிக்கொண்டே,
"பணத்தப் பொரட்டிக்கலாம் சுகிர்தா,
ஆளுக்கு இன்னா பண்றது?" என்றார்.

சாவி வாங்கிக் கொடுத்த டீக்கடை புரோக்கர்
செத்து நாலு வருஷம்.
வாலாஜாவில் இல்லை, ஆற்காட்டில் இல்லை.
சோளிங்கரில், லாரி எடைமேடைக் கூண்டுக்குள்
உட்கார்ந்திருந்தார் சம்பங்கி.

ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து நாங்கள் வந்ததும் வந்தார்.
பெரிய மீசை இருக்கும் என்று ஏனோ நினைத்திருந்தேன்.
மீசையே இல்லை.
சட்டைப்பையில் சர்க்கரை மாத்திரை அட்டை.
செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார்,
நான் "வாங்க" என்கிற வரைக்கும்.
அந்த ஆளை வெறுக்க
ராத்திரி முழுக்க ஒத்திகை பார்த்திருந்தேன்.
எல்லாம் மறந்துபோனது.

"சமையல்கட்டு எந்தப் பக்கம்?" என்றார்.

"அலாட்மென்ட் வந்த மாசமே வேல மாறிடுச்சி.
சாவிய வாங்கினேன். தொறக்கவே இல்ல."
தண்ணீர் குடித்தார்.
சுவரில் என் மகளின் உயரத்தைக் குறித்த பென்சில் கோடுகளை
கரண்ட் ஒயர் என்று நினைத்தாரோ என்னவோ,
தள்ளி உட்கார்ந்தார்.
பிறகு டம்ளரைப் பார்த்தே பேசினார்.
"மூணு லட்சம் குடுத்துட்டா கையெழுத்துப் போட்டுடறேன்.
இல்லன்னா நானே வாங்கி
உங்களுக்கே வாடகைக்கு விடலாம்னு
என் பையன் சொல்றான்.
வாடகை மட்டும் இப்ப இருக்கற மாதிரி இருக்காது."

வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை.
மலைப்பக்கமிருந்து அனல் வந்து
ஜன்னல் திரையைத் தொட்டுவிட்டுப் போனது.

"பாத்ரூம்?"
கையைக் காட்டினேன்.

எங்கள் பாத்ரூம் கதவு முதல் வருஷமே இறங்கிவிட்டது.
சாத்துவது சுலபம்.
திறக்க, பிடியோடு தூக்கி
இடுப்பால் ஓர் இடி.
மழைக்காலத்தில் இரண்டு.
இந்த வீட்டில் பிறந்தவள் என் மகள்,
நடக்கும் முன்பே அதைக் கற்றுக்கொண்டாள்.

உள்ளே தாழ்ப்பாள் நீங்கும் சத்தம்.
கதவு அசையவில்லை.
மறுபடி. பிறகு உள்ளங்கையால் தட்டும் சத்தம்.
"அம்மா... தொறக்கல போல."

கதவருகே போய் நின்றேன்.
வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார்.
கீழே தண்ணி லாரி ஹாரன் அடித்தது,
குடங்கள் ஓடின, லாரி நின்றது,
நானும் நின்றுகொண்டே இருந்தேன்.

"தூக்குங்க," என்றேன் கடைசியில்.
"பிடியோட சேத்து. இன்னும் கொஞ்சம். இப்ப இடிங்க."

வேர்த்து வழிய வெளியே வந்தார்.
"வாரியத்துல எழுதிக் குடுக்கலியா இத?"

"குடுத்தோம் சார். பதினோரு தடவ.
எல்லாம் உங்க பேர்லதான்."