ஒன்பது மெகாபைட்

சோஹார் துறைமுகம். இரவு இரண்டரை.
ஏசி அறையின் கண்ணாடி
வெளிப்பக்கமாக வியர்க்கிறது.

இழுவைப் படகு நூர்-7இல்
எண்ணெய் அழுத்தம் பார்க்கும் சின்ன நிரல்
செத்துக் கிடக்கிறது. புதியது போக வேண்டும்,
செயற்கைக்கோள் வழியாக,
பைசா பைசாவாய் எண்ணுகிற கம்பெனியின் வழியாக.
என் இமேஜ் நானூற்றுப் பன்னிரண்டு மெகாபைட்.
கார்ச் சாவியைச் சுழற்றிக்கொண்டே
“பத்துக்குள் வை” என்று சொல்லிவிட்டுப் போனாள்
ஷம்சா அல்-பலூஷி.

வெட்டினேன்.
கையேடுகள் முதலில்: நடுக்கடலில் யார் படிக்கிறார்கள்.
பிறகு மொழிகள். தமிழும் அதில் ஒரு கோப்பு.
விரல் தயங்கியது என்று எழுதினால் பொய்.
நேர மண்டலங்கள், மஸ்கட்டைக்கூட விடவில்லை.
மணி என்ன என்பதைப் படகே சொல்லட்டும்.
கடைசியில் ஷெல்.
இனி உள்ளே போய் நின்று
சுற்றிப் பார்க்க ஒருவருக்கும் வழியில்லை.

வெட்டக் கூடாதவை சில உண்டு,
ஒன்றுமே இல்லாதவை.
ப்ராக், சிஸ், டெவ், ரன்: காலி அடைவுகள்.
மெஷின்-ஐடி: காலிக் கோப்பு, பூஜ்ஜியம் பைட்.
போய்ச் சேரும் இயந்திரம்
தன் எண்ணை அதன்மேல் கவிழ்த்து வைக்கும்.
அந்தக் காலியிடம் இல்லையென்றால் இணையவே இணையாது.
சட்டைப்பையில் ரெசிடென்ட் கார்டைத் தொட்டுப் பார்த்தேன்.
வேண்டாம், இந்த உவமை வேண்டாம்.
மூன்று மணிக்கு எல்லாமே உவமைதான்.

எட்டு புள்ளி ஒன்பது. அனுப்பினேன்.
படகிலிருந்து பெர்க்மான்ஸ் எழுதினார்:
“ஓடுது. அழுத்தம் காட்டுது.
கரைக்குத்தான் அனுப்ப மாட்டேங்குது.
கரை பேரு தெரியலையாம்.”

பட்டியலைத் திரும்பப் பார்த்தேன்.
வேண்டிய நூலகங்கள் பதினொன்று,
பதினொன்றும் இருக்கின்றன.
பன்னிரண்டாவது எந்தப் பட்டியலிலும் வராது.
யாராவது ஒரு பெயரைக் கேட்டால் மட்டும்
எங்கிருந்தோ எழுந்து வந்து
விலாசம் சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்கிற ஜாதி.
தேவையற்றவற்றோடு சேர்த்து
அதையும் கூட்டித் தள்ளியிருக்கிறேன்.

சேர்த்தேன். சில கிலோபைட்.
மறுபடி கட்டி, மறுபடி அனுப்பி,
ஆறிய கரக்கைக் குடித்து முடிப்பதற்குள்
“நாலு புள்ளி ஒண்ணு பார்.
அங்க வந்துச்சா?”

வந்திருந்தது.
வெளியே போய்க் கையால் கண்ணாடியைத் துடைத்தேன்.
அலைதடுப்புக்கு அப்பால் இரண்டு விளக்குகள்.
எது நூர் என்று தெரியவில்லை.