பதினேழாம் கட்டு

நாற்பத்திரண்டு கட்டு ஆட்டுத்தோல்.
காங்கேசன்துறையில் இறக்கிய அன்று சோளகக் காற்று.
சுங்கக் கந்தோரின் யன்னல்களை
ஒவ்வொன்றாய்ச் சாத்தினோம்.
மணம் யன்னலைக் கேட்டா வருகிறது?

படிவம் கேட்கிறது: பொருளின் நிலை.
பச்சையா, உப்பிட்டதா, உலர்ந்ததா,
சுண்ணாம்பில் ஊறியதா, அமிலத்தில் கிடந்ததா.
நாற்பத்தோராம் அத்தியாயத்தில்
சாவுக்குப் பிறகும் இத்தனை நிலை உண்டு.

மயிரோடு வந்தால் இன்னொரு குறிப்பு.
வெள்ளாடு இங்கேயே நிற்கலாம்.
யேமன் ஆடு, மங்கோலிய ஆடு, திபெத்து ஆடு என்றால்
இரண்டு அத்தியாயம் தள்ளிப் போகவேண்டும்,
சீமாட்டிகளின் மயிர்த்தோல்களோடு.
வாசித்துக் காட்டினேன். சாலிஹீன் சிரித்தார்.
"பரமக்குடிச் சந்தை ஆடு மிஸ்.
திபெத்தை அது கனவிலும் மேய்ந்திராது."

யேசுரட்ணம் தராசில் ஏற்றினார்.
முதல்நாள் ஒரு நிறை, மறுநாள் நாற்பது கிலோ குறைவு.
எங்கே போனதென்று பைலில் எழுதவேண்டும்.
அவர் தரையைக் காட்டினார்:
உப்புத்தண்ணி ஒரு கோடாய்க் கடலைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது.
"வந்த வழியால போகுது."
'இறக்கியபின் இயற்கையான கசிவு' என்று எழுதினேன்.

பதினேழாம் கட்டை அவிழ்த்தபோதுதான்
ஆவாரம்பட்டை மணந்தது.
நாலு தோல், ஓரமெல்லாம் தேத்தண்ணி நிறம்.
யாரோ தொட்டியில் போட்டு, மனம் மாறி எடுத்து,
திரும்ப உப்பிட்டு அனுப்பியிருக்கிறார்கள்.

"அலசினால் போய்விடும் மிஸ்.
பழையபடி பச்சைத்தோல்தான்.
வாப்பாவுக்குச் சோனகத் தெருவில் மூன்று தொட்டி இருந்தது,
எனக்குத் தெரியாதா?"

போகும். எனக்கும் தெரியும்.
ஆனால் அத்தியாயத்தின் இரண்டாம் குறிப்பு
மீளக்கூடிய பதனிடலையும் பதனிடல் என்றே எண்ணுகிறது.
நிறம் போகலாம், மணம் போகலாம்.
ஒருமுறை தொட்டியில் இறங்கியது
பச்சைத்தோல் என்ற தலைப்புக்குள் திரும்பி வராது.
தீர்வை வேறு.
இதை நான் கொஞ்சம் மெதுவாகத்தான் வாசித்தேன்.

அவர் கட்டின் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
பிறகு சொன்னார்:
தொண்ணூறில் எனக்கு ஒன்பது வயது.
சந்தியில் வரிசை. பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள்.
எது போகலாம், எது இங்கேயே நிற்கவேண்டும்,
அவர்களிடமும் ஒரு பட்டியல் இருந்தது மிஸ்.
உம்மாவின் காதில் கிடந்ததற்கும் அதில் ஒரு வரி.
விட்டது பஸ் காசு.
தொட்டியில் ஊறின தோல் ஊறினபடி கிடந்தது.
அது எந்தத் தலைப்பில் வரும்?

மேசையில் புத்தகம் விரித்தபடியே இருந்தது.
அன்று பின்னேரம் அந்தத் தெருவுக்குக்
கொப்பி வாங்கப் போனவள் நான்.
பதினொரு வயது. கடை பூட்டியிருந்தது.
சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வேறு கடைக்குப் போனேன்.
இதை அவரிடம் சொல்லவில்லை.

நிரந்தர முகவரி என்ற கூட்டில்
புத்தளம் என்று எழுதி, வெட்டி,
யாழ்ப்பாணம் என்று எழுதி,
வெட்டினதற்குப் பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தார்.
அது விதி. நானே சொல்லியிருப்பேன்.

நாற்பத்தொரு கட்டு அன்றே லொறி ஏறிற்று.
பதினேழு நின்றது.
உள்ளங்கை அளவுக்கு ஒரு துண்டு வெட்டிக்
கொழும்பு ஆய்வுகூடத்துக்கு அனுப்பினேன்.
பதினோராம் கிழமை பதில் வந்தது, சிங்களத்தில் ஒரே வரி:
மாதிரி போதாது.

இன்னொரு துண்டு வெட்டி அனுப்பியிருக்கிறேன்.
தீர்ப்பு வரும்வரை அழுகவிடக்கூடாது.
சனிக்கிழமைகளில் வீட்டிலிருந்து
ஒரு போத்தல் கல்லுப்புக் கொண்டுபோய்
யேசுரட்ணம் மடிப்பை விரித்துப் பிடிக்க
உள்ளே தூவிவிட்டு வருகிறேன்.
பேரேட்டில் அதற்கு நிரல் இல்லை.
ஆனையிறவு உப்பு,
தீர்வையும் இல்லை.