பதினொரு படி

மொன்றியல். சிறுவழக்கு மன்றம்.
சப்பாத்துகளில் உருகிய உப்புத்தண்ணீர்
வாங்குக்குக் கீழே ஆறு கீறிக்கொண்டிருந்தது.
எனக்கு மணித்தியாலத்துக்கு நாற்பத்தைந்து டொலர்.
தமிழை எடுத்துப் பிரெஞ்சில் வைக்க வேண்டும்,
சிந்தாமல்.

கீழ்வீட்டு மதியாபரணம் வழக்காளி,
மேல்வீட்டு யோகச்சந்திரன் எதிராளி.
பார்க் எக்ஸில் தொண்ணூற்றிரண்டில்
பாதிப் பாதி போட்டு வாங்கிய கட்டடம்.
தெருவைப் பார்த்து வளைந்து இறங்கும்
பதினொரு இரும்புப் படி.

தை மாதம் சுவருக்குள் குழாய் வெடித்தது.
மேலே இருந்தவருக்குத் தெரியாது.
கீழே, முகட்டில், முதலில் ஒரு தேநீர்க் கறை.
பிறகு அது ஒரு நாட்டின் அளவு.
பிறகு சாப்பாட்டு மேசையின் நடுவில் சொட்டு.
மூன்று நாள் சட்டி வைத்து ஏந்தியிருக்கிறார்.
நாலாம் நாள் முகடு சட்டிக்குள் விழுந்தது.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.
"மூன்று நாள். ஏன் மேலே போய்ச் சொல்லவில்லை?"
நான் கேட்டேன், தமிழில், அதே மரியாதையில்.

மதியாபரணம் ஒருவரையும் பார்க்கவில்லை.
மேசை விளிம்பைப் பெருவிரலால் தடவினார்.
"கைச்சுப் போச்சு, பிள்ளை."

பத்தொன்பது வருசத் தொழில்.
கொலையை மாற்றியிருக்கிறேன், சீதனத்தை மாற்றியிருக்கிறேன்,
காணாமல் போனவர்களை ஒவ்வொருவராக மாற்றிவிட்டு
வீட்டுக்கு வந்து மீன் பொரித்திருக்கிறேன்.
இதிலே நின்றேன்.
பள்ளியில் பாடமாக்கிய மெய்ப்பாடு எட்டும்
நகையில் தொடங்கி உவகையில் முடியும்.
மேசைக்குக் கீழே விரல்விட்டுப் பார்த்தேன்.
வெகுளி இருந்தது. இளிவரல் இருந்தது.
கைப்பு இல்லை.
அதை ஆறு சுவையில் ஒன்றாக எண்ணி
நாக்கோடு நிறுத்திவிட்டார்கள்.

நீதிபதியின் பேனை காத்துக்கொண்டிருந்தது.
கோபம், என்றேன் பிரெஞ்சில்.
பேனை எழுதியது.

தெரிந்தும் தடுக்கவில்லை என்று
கேட்ட காசில் பாதி போயிற்று.

கோப்பி இயந்திரத்தடியில் வந்து கேட்டார்:
"அந்த மனுசிக்கு என்ன சொன்னனீர்?"
சொன்னேன்.
"கோபமெண்டா ஏறியிருப்பன், பிள்ளை.
ஏறி, கதவில அடிச்சு, நாலு கேள்வி கேட்டிருப்பன்.
அவனும் கேட்டிருப்பான்.
பிறகு தேத்தண்ணி குடிச்சிருப்பம்."

என்ன நடந்தது என்று கேட்க எனக்கு உரிமையில்லை.
கேட்டேன்.
தொண்ணூற்றாறு. தம்பியின் செய்தி வந்து
ஒன்பதாம் நாள். வீடு நிறைய ஆட்கள்.
சோடாப் போத்தலோடு நின்ற யோகச்சந்திரன் சொன்னாராம்,
"உனக்கென்ன, நேரத்தோட வந்திட்டாய்."
அவ்வளவுதான்.
ஆறுதலாகக்கூடச் சொல்லியிருக்கலாம்.

ஊர் எரிந்தால் கோபம் என்று எழுதிவிடலாம்.
முகடு மூன்று நாள் ஊறியதற்கு என்ன எழுதுவது?
இரண்டாய்ப் போன சங்கம், இரண்டாய்ப் போன கோயில்,
ஒரே கொடியை இரண்டு மண்டபத்தில் ஏற்றிய கூட்டம்:
எல்லாக் குறிப்பேட்டிலும் கோபம் என்றே இருக்கிறது.
எந்த மேசைக்குக் கீழே
எவர் விரல்விட்டுப் பார்த்துவிட்டு
அவசரத்தில் சொன்னதோ.

வெளியே அழுக்குப் பனி.
இருவருக்கும் எண்பதாம் நம்பர் பஸ்தான்.
ஒருவர் முன்னால் இருந்தார், மற்றவர் கடைசி வரிசையில்.
ஒரே தரிப்பில் இறங்க வேண்டியவர்கள்.
மணியை யார் இழுத்திருப்பார்கள் என்று தெரியவில்லை.

நான் மெத்ரோவில் போனேன்.
ஜோன் தலோன் தாண்டும்போது வந்தது அந்தச் சொல்,
பிரெஞ்சில், சரியான சொல்,
சின்னதாய், மூன்று மணித்தியாலம் பிந்தி.
வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

பக்கத்தில் இருந்த பையன்
தன் கோப்பிக் குவளையைத் திறந்து
உள்ளே பார்த்தான்.