பதினெட்டு அங்குலம்

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு சுவர்.
மேற்கே பச்சியண்ணனின் கொலுசுப் பட்டறை,
கிழக்கே சீரங்காயியின் வெல்லக் கிடங்கு.
நடுவில் பதினெட்டு அங்குலம்,
பதினோரு வருஷ வழக்கு.
சுவர் யாருடையது என்று அளந்து சொல்லக்
கோர்ட்டு என்னை அனுப்பியது.

டேப்பின் நுனியைப் பிடிக்க ஆள் வேண்டும்.
இந்தப் பக்கம் பிடித்தவர்
அந்தப் பக்கம் வரமாட்டார்.
ஆணியடித்து மாட்டிக்கொண்டேன்.

பழைய சாந்தைச் சுரண்டிப் பார்த்தேன்.
மேற்கிலிருந்து ஏழு தேக்கு உத்திரம்,
கிழக்கிலிருந்து ஏழு.
சுவருக்குள்ளே ஒன்றின் தலை
மற்றதன் தோளைத் தாண்டிப் படுத்திருக்கிறது,
இடம் போதாத கல்யாண வீட்டில்
முன்பின் தெரியாதவர்கள் தூங்குவதுபோல.
கட்டிய கொத்தனுக்கு
இது யார் பாரம் என்ற கேள்வியே வந்திருக்காது.
ஒரு பக்கக் கூரையைக் கழற்றினால்
மறுபக்கப் பாரம் சுவரைத் தள்ளும்.
இதை எழுதலாம். எழுதினேன்,
படம் போட்டு, அம்புக்குறி போட்டு.

விரிசல் ஒன்றும் இருந்தது,
பல்லிக்குட்டி நுழையுமளவு.
சுவர் இன்னும் நகர்கிறதா என்று பார்க்க
மெல்லிய கண்ணாடித் துண்டுகளைக் குறுக்கே வைத்து
இரு முனையிலும் சிமெண்ட் அப்பித் தேதி எழுதினேன்:
இங்கே மூன்று, அங்கே மூன்று.
நகர்ந்தால் உடையும்.
அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

ஐந்தாம் நாள் பச்சியண்ணன் போன் செய்தார்.
"ஒண்ணு போச்சுங்க."
சுவரே விழட்டும் என்று
போன மாதம் என்னிடம் சொன்ன மனிதர்.
புதிதாக ஒன்று பதித்துவிட்டு வந்தேன்.

ஒரு மாதம் கழித்துப் போனால்
ஆறும் முழுசு.
கம்பி இழுக்கும் மெஷின் சுவரோரம் இல்லை.
நின்ற இடத்தில் நான்கு போல்ட்டுத் துளைகள்.
வாசலை மறித்துக்கொண்டு ஓடுகிறது இப்போது,
கொலுசு கொண்டுவரும் பெண்கள்
பக்கவாட்டில் திரும்பி நுழைகிறார்கள்.
"வெளிச்சத்துக்காக" என்றார்.

கிழக்கே, உத்திரத்தைத் தொட அடுக்கியிருந்த
வெல்லச் சிப்பங்கள்
இடுப்புயரத்துக்கு இறங்கிவிட்டன,
சுவரிலிருந்து இரண்டடி தள்ளி.
"எறும்புத் தொல்லைங்க" என்றார் சீரங்காயி.
அந்த இரண்டடியில்
எறும்புகள் வழக்கம்போல் போய்க்கொண்டிருந்தன.

அறிக்கைப் படிவத்தில் இதற்குப் பத்தி இல்லை.
உரிமை, எல்லை, பரப்பு, அனுபோகம்.
அனுபோகம் என்ற சொல்லின்மேல் பேனாவை வைத்தபடி
மொட்டைமாடியில் நின்றேன்.
வடக்கே சேர்வராயன் மலையில் மழை இறங்கிவிட்டது,
அரைமணியில் பேட்டைக்கு வரும்.
இரண்டு மாடித் தண்ணீரும்
இறங்குவதற்கு ஒரே குழாய்.
வழக்கில் அது இல்லை,
யாருக்கும் ஞாபகம் வரவில்லை போலும்.
நானும் சொல்லவில்லை.

வாய்தா மார்ச்சுக்குப் போயிருக்கிறது.
கண்ணாடிகளை எடுத்துவிடட்டுமா என்று
இரண்டு பக்கமும் கேட்டேன்.
"இருக்கட்டுங்க" என்றார்கள்,
தனித்தனியாக.