மூன்று படி

குத்தாயிசி நகரில், உதவித்தொகை அலுவலக வாசலில்
மூன்று படி.
மனுவும் மூன்று படி வேண்டுமாம்,
நேரில் ஏறி வந்து கொடுக்க வேண்டுமாம்.
விதிப்படி.

போன பனிக்காலம் என்னை
நாற்காலியோடு தூக்கிய நால்வரில் ஒருவன்
"மாவு மூட்டைகூட இதைவிடக் கனம்" என்றான்.
பாராட்டு என்று நினைத்திருப்பான்.
உள்ளே வரிசை முழுவதும் எனக்கு வழிவிட்டது,
என் முகத்தைப் பார்க்காமல்.

அன்று மாலை முர்மானிடம் கேட்டேன்
(கல்லறுக்கும் பட்டறையில் ஒரு கையை விட்டுவந்தவன்):
ஒரு சாய்தளத்துக்கு எத்தனை மூட்டை சிமென்ட்?
ஒரு சாண் உயரத்துக்குப் பன்னிரண்டு சாண் நீளம், என்றான்.
ஒன்பது மூட்டை. உன்னிடம் எவ்வளவு இருக்கிறது?

ஞாயிறு இரவு.
உடைந்த செங்கல், ரியோனி ஆற்று மணல்,
லமாராவின் மருமகன் கேட்காமல் எடுத்துவந்த மட்டப்பலகை.
காவலுக்கு எத்தேரி. பிறவியிலேயே காது கேளாதவள்.
கலவை புரட்டும் சத்தத்தில்
எங்களுக்கும்தான் ஒன்றும் கேட்கவில்லை;
அவளுக்கு அது பழக்கம்.
தெருமுனையில் ஒரு கண், எங்கள் மேல் ஒரு கண்.
விரல்களாலேயே திட்டினாள்:
தண்ணீர் அதிகம், தண்ணீர் அதிகம்.

பதினோரு நாள் இருந்தது.
பன்னிரண்டாம் நாள் நகராட்சி துளைக்கருவியோடு வந்தது.
அனுமதி பெறாத கட்டுமானம்.
விதிப்படி.
அபராதச் சீட்டில் என் பெயரைப் பிழையாக எழுதியிருந்தார்கள்;
நான்தான் திருத்திக் கொடுத்தேன்.

பதினோரு நாளில் யார் யார் அதில் ஏறினார்கள் என்று
நாங்கள் எண்ணவில்லை.
மறுநாள் ஜுஜுனா வந்தாள், கச்சாபுரி வண்டியோடு,
"என் சக்கரத்துக்கு யார் பதில் சொல்வது?"
இரட்டைக் குழந்தைகளைத் தள்ளிக்கொண்டு ஒருத்தி.
முழங்கால் வீங்கிய தபால்காரர்.
மூன்றாம் சன்னல் எழுத்தர்,
பெயர் போட வேண்டாம், கையெழுத்து மட்டும், என்றாள்.
எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது:
இத்தனை வருஷம் எங்கே இருந்தீர்கள்?
எத்தேரி என் மணிக்கட்டை அழுத்தினாள்.
பேனாவை நீட்டினேன்.

இருநூற்றுப் பதினான்கு கையெழுத்து.
மூன்று படி எடுத்தோம்.
ஏறவில்லை.
நடக்க முடிந்தவர்களும் கீழேயே நின்றார்கள்,
தூறலில், மதியம் வரை.

கடைசியில் அதிகாரி இறங்கி வந்தார்.
ஈரக் கல். ஒன்று. இரண்டு.
மூன்றாவதில் கால் வழுக்க,
பிடிக்கச் சுவரோரம் துழாவினார்.
அங்கே எதுவும் இல்லை.

முர்மான்
தன் ஒரு கையை நீட்டினான்.