மிச்சம் எட்டு

பிப்ரவரி. காலை ஐந்தே முக்கால்.
தாலின் கடலோரம் இன்னும்
விளக்குக் கம்பங்களின் பொறுப்பில் இருக்கிறது.
காலணிக்கு அடியில் ஆணிப்பட்டை மாட்டி
பனிக்கட்டியை நறநறவென்று மென்றுகொண்டு
நாங்கள் நால்வர்.

உர்மஸ் டிராம் ஓட்டுகிறவர்.
நாள் முழுக்கத் தண்டவாளம் சொன்ன இடத்துக்கே போகிறவர்,
இங்கே ஒரு வளைவு வந்தால்
கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திரும்புகிறார்.
இருட்டில் மினுங்குவதற்கென்று எல்லோரிடமும் ஒரு வில்லை உண்டு.
அவருடையது ஆந்தை.

பல் மருத்துவரிடம் வேலை செய்யும் கிளாவ்தியா
பகலெல்லாம் "வாயைத் திறங்க" என்று சொல்லிச் சொல்லி
ஓடும்போது தன் வாயைத் திறப்பதேயில்லை.
மாரிகா, பள்ளிக்கூடத்தில் இருநூறு பிள்ளைகளுக்கு
சூப் கிண்டுகிறவள். கடைசியில் வருவாள்.
எப்போதும் கடைசியில்.

நான் கணக்கு எழுதுகிறவன்.
ஓடிய தூரம், ஆன நேரம், தேய்ந்த காலணி,
எல்லாம் நீல அட்டை நோட்டில்.
மார்ச்சில் என் பெருவிரல் நகம் கறுத்தது;
ஏப்ரலில் விழுந்தது.
அதைச் செலவுப் பக்கத்தில் எழுதினேன்.

செப்டம்பர் மாரத்தானில் எத்தனையாவதாக வருவீர்கள் என்று
கேட்கிறவர்களுக்கு உர்மஸ் சொல்வார்:
"வண்டி டெப்போவுக்குத் திரும்பினால் போதும்."

ஜூனில் இரவே வரவில்லை.
"இருட்டிவிட்டது, நாளைக்குப் பார்க்கலாம்" என்ற ஒரே சாக்கையும்
வானம் பிடுங்கிக்கொண்டது.

ஆகஸ்டில் முப்பத்திரண்டு.
கடலைப் பார்த்து நிற்கும் வெண்கல தேவதையிடம் தொடங்கி,
வீம்சி தாண்டி, பைன் மரங்கள் தாண்டி,
பதினாறில் திரும்பினோம்.
இருபத்தாறில் பின்னால் பார்த்தேன். மாரிகா இல்லை.
"அடுத்த வளைவில் வருவாள்" என்றார் உர்மஸ்.
வளைவு மட்டும் இருந்தது.
கிளாவ்தியா வாய் திறந்தாள்: "நில்லுங்கள்."
நின்றோம். நின்றதுமே
தொடைகள் யாரோ இரவல் கொடுத்தவைபோல் ஆயின.

அப்போது வந்தது பேருந்து.
ஜன்னலோரம் மாரிகா. மடியில் கறுப்பு ரொட்டி.
சிரிக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை;
கை காட்டினாள், அவ்வளவுதான்.
வாயில் ரொட்டி இருந்தது.

வெகுநேரம் கழித்து உர்மஸ் சொன்னார்:
"டிரைவர் வளைவை நல்லா எடுத்தான்."

இரவு, நோட்டில் அவள் பெயருக்கு நேரே
இருபத்திநாலு என்று எழுதினேன்.
பக்கத்துக் கட்டத்தில் பேனா நின்றுவிட்டது.
பூஜ்யமா? கோடா?
பேருந்துக்கு எங்கள் கணக்கில் தனிப் பத்தி கிடையாது.
காலியாக விட்டேன்.

அடுத்த சனிக்கிழமை, தூறல்.
தேவதையின் அடியில் எங்களுக்கு முன்பே அவள்.
தலைமுடி நனைந்து, முகம் பீட்ரூட்டாகி,
குனிந்து முழங்காலைப் பிடித்தபடி
"எட்டு என்று எழுது" என்றாள்.
முதல் பேருந்தில் போயிருக்கிறாள்,
அன்று ஏறிய அதே நிறுத்தத்தில் இறங்கியிருக்கிறாள்,
அங்கிருந்து ஓடி வந்திருக்கிறாள்.

ஒரே மூச்சில் ஓடினால்தான் முப்பத்திரண்டு.
எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.
நடுவில் ஏழு இரவு தூங்கியிருக்கிறாள்,
ஆயிரம் கிண்ணம் சூப் ஊற்றியிருக்கிறாள்.
ஆனாலும் கூட்டினால் சரியாக வருகிறது.
நடுவில் எத்தனை நாள் என்று
கூட்டல் ஒருநாளும் கேட்டதில்லை.
மழையில் நோட்டைத் திறந்து எழுதினேன்.
எட்டின் மேல்வட்டம் கரைந்து, கீழ்வட்டம் மட்டும் நின்றது.

"இன்றைக்குப் பத்து" என்றார் உர்மஸ்.
"நீ வேண்டுமானால்..."
"வருகிறேன்."

மேகத்தோடு இருட்டும் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது.
உர்மஸ் பையிலிருந்து ஆந்தையை எடுத்து
மாரிகாவின் முதுகில் மாட்டப் போனார்.
"முன்னால் மாட்டுங்கள்" என்றாள் கிளாவ்தியா.
"அவளைத் தேடித் திரும்பிப் பார்ப்பது நாம்தானே."