ஒன்பது நிமிட விதி

அதற்குச் செவி என்று பெயர்.
நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் குத்துவிளக்கு ஏற்றி
ஆளுக்கொரு நீல டி-ஷர்ட் கொடுத்தார்கள்.
இனி இயந்திரங்கள் பேசும், நாம் கேட்போம்
என்றார் மேடையில் ஒருவர்.
நான் கடைசி வரிசையில்
வடை மிச்சமிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேசத்தான் செய்தன.
அம்பத்தூரில் ஒரு கம்ப்ரெசருக்கு மூச்சிரைப்பு.
மணலியில் வால்வு ஒன்று
மழைக்கு முந்தின நாள் மட்டும் முனகும்.
தண்ணீர் லாரிகள், லிஃப்டுகள், ஜெனரேட்டர்கள்,
பல்லாவரத்துத் தோல் தொட்டிகள்,
ஒரு லட்சத்துப் பதினோராயிரம் சென்சார்கள்
முப்பது நொடிக்கொருமுறை
இருக்கிறேன் என்றன.
ராத்திரி ஷிஃப்டில் நான் ஒருத்தி
சரி என்றேன்.

வெள்ளம் வந்த டிசம்பரில்
திரை முதலில் சிவப்பு, பிறகு சாம்பல்.
மணப்பாக்கம், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம்
ஆறு போன வரிசையிலேயே
ஒவ்வொன்றாக வாய் மூடின.
அடுத்த வருஷம்
அந்தச் சாம்பல் படத்தைக் காட்டித்தான்
பன்னிரண்டு கம்பெனிகளுக்குச் செவியை விற்றார்கள்.

காசிமேடு, குளிரறை மூன்று.
தினமும் இரவு இரண்டு நாற்பதுக்கு
மைனஸ் பதினெட்டு மெல்ல ஏறி
மைனஸ் பதினொன்றைத் தொடும்.
கதவு திறந்திருக்கும், ஒன்பது நிமிடம்.
பிறகு இறங்கிவிடும்.
எச்சரிக்கை மேனேஜருக்குப் போக வேண்டும்.
மே மாதப் புழுக்கத்தில் யாரோ
குளிருக்கு முகம் கொடுத்து நிற்கிறார் என்று நினைத்து
ஒரு வரி எழுதினேன்:
இந்த அறை, இந்த நேரம், ஒன்பது நிமிடம்,
பேசாதே.

மார்கழியிலும் திறந்தது.
வரியை நான் அழிக்கவில்லை.
ஆறு வருஷம்.

எங்களை ஒருவர் வாங்கினார்.
வாங்கியவரை இன்னொருவர் வாங்கினார்.
செவி மார்ச் முப்பத்தொன்றில் அஸ்தமிக்கும்
என்று மின்னஞ்சல் வந்தது.
சோழிங்கநல்லூரில் எங்கள் ஒன்பதாம் மாடி
கிழக்குப் பார்த்தது.
அங்கிருந்து எந்த அஸ்தமனத்தையும் பார்த்ததில்லை.
ஃபெலிசிட்டா கேக் வாங்கி வந்தாள்.
இர்ஃபான் நீல டி-ஷர்ட்டால் பைக்கைத் துடைத்தான்.

புதுத் தளத்துக்கு மாற்றும் பட்டியலில்
எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம் இருந்தது,
என் ஒரு வரியைத் தவிர.
காரணம் எழுதினால் சேர்க்கலாம் என்றார்கள்.
எனக்கே தெரியாத காரணம்.

முப்பதாம் தேதி ராத்திரி
ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன்.
மீன் வாடை ராயபுரத்திலேயே வந்துவிட்டது.
குளிரறை மூன்றின் வாசலில்
கம்பளிக் குல்லாவோடு ஒருவர்,
பெயர் தேசப்பன்.

நாளன்னிக்கிலேர்ந்து
ரெண்டு நாப்பதுக்குக் கதவைத் திறக்காதீங்க.

நீ யாரும்மா?

என்ன சொல்ல.
உங்க கதவ ஆறு வருஷமாக் கேட்டுக்கிட்டிருந்தவ என்றேன்.
கொஞ்ச நேரம் கதவைப் பார்த்தார்,
அதுதான் காட்டிக்கொடுத்தது போல.

உள்ள டவரு கிடைக்காதும்மா.
வெளிய வந்து சாத்துனா தானாப் பூட்டிக்கும்,
சாவி சூப்பர்வைசராண்ட.
சம்சாரம் மஸ்கட்ல ஆஸ்பத்திரி வேலை.
ஒரு மணிக்கு அவ ஷிஃப்டு முடியும்,
பஸ்ஸு வர்ற வரைக்கும் பேசுவோம்.

மைனஸ் பதினெட்டைச் சொல்லும் பெட்டி
தடையில்லாமல் வெளியே பேசுகிறது
அதே சுவருக்குள்ளிருந்து.
அதை அவரிடம் சொல்லவில்லை.

புதுசு எத்தினி நிமிசம் தாங்கும்?

நாலு. தாண்டினா மேனேஜருக்குப் போன் அடிக்கும்.

விரலை மடக்கினார்.
அப்ப நாலு நாலா ரெண்டு தபா?

எட்டுதான் வருது என்றேன்.

ஒரு நிமிசம்தான,
அத நானே அவளாண்ட சொல்லிக்கிறேன்.